அடையாள அட்டையே காப்பீட்டு அட்டையாகட்டும்!

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பெற மூன்று வழிகள் உண்டு. ஏழை என்று சான்று இருந்தால் அரசுக் காப்பீடு. மாதச் சம்பள வேலை இருந்தால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ அல்லது நிறுவனத்தின் குழுக் காப்பீடு. கையில் பணமும் உடம்பில் தெம்பும் இருந்தால் தனியார் காப்பீடு. உடல் முடங்கி, வேலைக்கும் போக முடியாமல், வீட்டாரின் சம்பாத்தியத்தில் வாழும் மாற்றுத்திறனாளிக்கு இந்த மூன்றில் எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே காப்பீடு எட்டாமல் இருக்கிறது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 70 வயதைக் கடந்த எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி முற்றிலும் நீக்கப்பட்டது. 2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் இலக்கு.

இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால், 30 வயதில் தண்டுவடம் முறிந்து படுக்கையில் விழுந்தவர் 70 வயதுவரை காத்திருக்க முடியாது. பாலிசியே கிடைக்காதவருக்கு வரிவிலக்கால் பயனும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். அன்று சட்டம் ஏற்றிருந்த குறைபாட்டு வகைகள் 7. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை 21 ஆக உயர்த்திவிட்டது. தசைச் சிதைவு, பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் எனப் பட்டியல் விரிந்திருக்கிறது. ஆகவே, இன்றைய உண்மை எண்ணிக்கை நிச்சயம் இன்னும் அதிகம்.

வருமான வரம்பில் தவறும் குடும்பம்

தமிழ்நாட்டில் ஏழைகளுக்குக் கைகொடுப்பது முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்போதைய பெயரைப் பெற்று, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. சேர வேண்டுமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது, மாதம் 10,000 ரூபாய்.

ஒரு பெயின்டரை எடுத்துக்கொள்வோம். வயது 32. காலையில் டூவீலரில் வேலைக்குப் போகும்போது லாரி மோதி முதுகுத்தண்டில் அடி. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது. உயிர் பிழைக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டுக்கு வருகிறார்.

இனி அவருக்கு வருமானம் இல்லை. ஆனால், வயதான அப்பா ஒரு அடுக்ககத்தில் வாட்ச்மேன், மாதம் 9,000 ரூபாய். மனைவி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி 8,000 ரூபாய் கொண்டுவருகிறார். இருவர் சம்பளத்தையும் கூட்டினால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்தைத் தாண்டுகிறது. அரசின் கணக்கில் இது ஏழைக் குடும்பம் இல்லை. அந்த 17,000 ரூபாயில் வாடகை, பிள்ளையின் படிப்பு, சாப்பாடு போக அவருடைய வைத்தியத்துக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கேட்க அந்த விண்ணப்பத்தில் இடமில்லை.

மத்திய திட்டத்தின் அளவுகோல் இன்னும் கடுமையானது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துக் கிராமப்புறப் பயனாளிகளைத் தேர்வு செய்தபோது, மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம் என்பதை ஒரு தகுதியாக வைத்தார்கள். கூடவே, அந்த வீட்டில் உழைக்கும் உடல்நலமுள்ள வயதுவந்தவர் ஒருவரும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தார்கள். வீட்டில் அம்மாவோ அண்ணனோ நல்ல உடம்போடு இருந்தாலே இந்தத் தகுதி போய்விடும்.

மாற்றுத்திறனாளியைத் தனி மனிதராகப் பார்க்காமல், யாரோ ஒருவருடைய சுமையாக மட்டும் பார்ப்பதன் விளைவு இது. திருமணமாகித் தனிக் குடும்பம் நடத்தும் அண்ணன், தன் பிள்ளைகளுக்கும் பார்த்து, தம்பியின் வைத்தியத்துக்கும் கடன் வாங்குகிறார். சில ஆண்டுகளில் அந்தக் குடும்பமும் வறுமைக்கு வந்துசேர்கிறது.

வேலையோடு போகும் காப்பீடு

இரண்டாவது வழி வேலை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. மாற்றுத்திறனாளித் தொழிலாளர் என்றால் வரம்பு 25,000 ரூபாய். பெரிய நிறுவனங்களில் குழுக் காப்பீடு இருக்கிறது. ஆனால், 2011 கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகளில் ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அவர்களிலும் பலர் கூலி வேலை, பெட்டிக்கடை, வீட்டுத் தொழில் என்று இருப்பவர்கள். இஎஸ்ஐ அட்டை அவர்கள் கைக்கு வருவதே இல்லை.

வேலையில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டு முடங்கியவரின் நிலை இன்னும் பரிதாபம். பணியிலிருந்து விலகிய நாளோடு நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சம்பளமும் காப்பீடும் ஒன்றாக நிற்கின்றன. மருத்துவச் செலவு மட்டும் அன்றுதான் தொடங்குகிறது.

இஎஸ்ஐயில் ஒரு நல்ல விதி உண்டு. வேலையின்போது நேர்ந்த விபத்தால் நிரந்தரமாக முடங்கி வேலையை இழந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், ஓய்வு பெறும் வயதுவரை தானும் வாழ்க்கைத் துணையும் சிகிச்சை பெறலாம். தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியாது. ஆனால், பக்கவாதத்தாலோ பார்கின்சனாலோ வேலையை விட்டவருக்கு இந்த விதி பொருந்தாது. நோய் எங்கே வந்தது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் உரிமை மாறுகிறது.

தனியார் நிறுவனங்களின் தயக்கம்

மூன்றாவது வழி, காசு கொடுத்து வாங்குவது. தண்டுவடக் காயம் பட்டுச் சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி தர மறுத்தன. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2022 டிசம்பரில் வந்த தீர்ப்பு, மருத்துவ வசதி பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாலிசிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் உருவாக்குவதை உறுதிசெய்யுமாறு ஐஆர்டிஏஐக்கு உத்தரவிட்டது.

அதையடுத்து 2023 பிப்ரவரியில் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள், எச்ஐவி தொற்றுள்ளோர், மனநோய் உள்ளோர் ஆகியோருக்கு ஒவ்வொரு பொதுக் காப்பீட்டு நிறுவனமும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் பாலிசி ஒன்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றது. இந்தக் காரணங்களைச் சொல்லி எந்த விண்ணப்பத்தையும் தள்ளக் கூடாது என்ற கொள்கையை நிறுவனங்களின் இயக்குநர் குழு ஏற்க வேண்டும் என்றும் சொன்னது.

காகிதத்தில் இது பெரிய வெற்றி. நடைமுறையில், முகவர்களில் பலருக்கு இப்படி ஒரு பாலிசி இருப்பதே தெரியவில்லை. இருக்கும் பாலிசிகளிலும் காப்புத்தொகை பெரும்பாலும் 4 அல்லது 5 லட்சத்தோடு நிற்கிறது. ஏற்கெனவே உள்ள குறைபாடு தொடர்பான சிகிச்சைக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பில்லில் ஒரு பங்கை நோயாளியே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரீமியம். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதை நம்பி இருப்பவர் ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டுவது எப்படி? பாலிசியை மறுக்கக் கூடாது என்பது முதல் படி. வாங்கக்கூடிய விலையில் கொடுப்பது அடுத்த படி. அந்த இரண்டாவது படியை யாரும் இன்னும் ஏறவில்லை.

பெட்டில் சேர்ந்தால்தான் காசு

காப்பீட்டு அட்டை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த பெயின்டரின் ஒரு நாளைப் பார்ப்போம். சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ட்யூப் போட்டு எடுக்க வேண்டும். அதற்குக் கதீட்டர், ஜெல்லி, கையுறை வேண்டும். மலம் போவது தெரியாது என்பதால் டயாபர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். அது வராமலிருக்கக் காற்று மெத்தை வேண்டும். கை கால் இறுகிப்போகாமல் இருக்க பிசியோதெரபி வேண்டும். இறுக்கத்துக்கும் வலிக்கும் தினமும் மாத்திரை.

இந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட வழக்கமான காப்பீடு தொடுவதில்லை. அரசுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும், மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் பணம்.

ஆகவே வீட்டில் சிக்கனம் பார்க்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்த வேண்டிய கதீட்டரைக் கழுவிக் கழுவிப் பல நாள் ஓட்டுகிறார்கள். காற்று மெத்தை கிழிந்தால் பாயும் தலையணையும்தான். விளைவு, சிறுநீர்ப் பாதைத் தொற்று. படுக்கைப்புண் எலும்புவரை போகிறது. காய்ச்சல் ஏறி, சீழ் ரத்தத்தில் கலந்து, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அப்போது மருத்துவமனையில் சேர்த்தால் காப்பீடு உதவுகிறது. சதையை எடுத்து வைத்து மூடும் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. அந்தப் புண்ணை வரவிடாமல் தடுக்கும் மெத்தைக்கு இல்லை. இது மனிதாபிமானக் குறைபாடு மட்டுமல்ல, அரசுப் பணத்தை வீணாக்கும் ஏற்பாடும்கூட.

தமிழ்நாடு இதில் ஒரு நல்ல தொடக்கத்தை வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தருகிறது. பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. வீட்டுக்கு வரும் அந்த மருந்துப் பையில் கதீட்டரையும் சேர்ப்பதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை.

வழிகாட்டும் ஒரு சிறிய திட்டம்

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உருவான காப்பீடு நம்மிடம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. வயது வரம்பு இல்லை. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் புதிதாகச் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். முக்கியமாக, வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் தெரபிக்கும் இதில் பணம் உண்டு. குறைபாட்டோடு வாழ்பவருக்கு என்ன தேவை என்று யோசித்து வடிவமைத்த திட்டம் இது.

குறை என்னவென்றால், 2008-ல் தொடங்கியபோது வைத்த அதே 1 லட்சம்தான் இன்றும். மருத்துவச் செலவு அன்றிருந்த இடத்திலா இருக்கிறது? மேலும், முதலில் கைக்காசைச் செலவழித்து, பில்களைச் சேர்த்து அனுப்பி, பிறகு திரும்பப் பெற வேண்டும். கைக்காசு இல்லாதவருக்கு இது கடினம்.

நிராமயாவில் இடமில்லாத பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளோருக்கும் மனநோய் உள்ளோருக்கும் 2015-ல் ‘ஸ்வாவலம்பன்’ என்ற காப்பீட்டை மத்திய அரசு கொண்டுவந்தது. குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பிரீமியத்தில் 10 சதவீதம் மட்டும் பயனாளி கட்டினால் போதும். அது நீடிக்கவில்லை. நின்றுபோன இடத்தில் வேறொன்றும் வரவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

இங்கே யாரும் சலுகை கேட்கவில்லை. இஎஸ்ஐயிலும் மற்ற அரசுக் காப்பீடுகளிலும் இடம்பெறாத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு 5 லட்சம் என்றால், இந்தக் கணக்கில் மாற்றுத்திறனாளிக்கு 6.25 லட்சம். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 21-வது பிரிவு.

அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற சொற்களும் 24-வது பிரிவில் இருக்கின்றன. அந்தச் சொற்களில்தான் எல்லா அரசுகளும் ஒதுங்கிக்கொள்கின்றன. அது தமிழ்நாட்டுக்குப் பொருந்துமா? முதல்வர் காப்பீட்டில் ஏற்கெனவே 1.3 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. 2011 கணக்கின்படி மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் 12 லட்சத்துக்கும் குறைவு. அவர்களில் ஏழைக் குடும்பத்தினர் பலர் உள்ளேதான் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்க்க வேண்டியவர்கள் மீதிப் பேர் மட்டுமே.

அரசுகள் செய்ய வேண்டியவை

ஒன்று: 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் வருமான வரம்பு பார்க்காமல் முதல்வர் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வரம்பு இல்லை. ஒருவருடைய நிலையைப் பார்த்து வரம்பைத் தளர்த்துவது இத்திட்டத்துக்குப் புதிதல்ல.

இரண்டு: வயதுவந்த மாற்றுத்திறனாளியைத் தனி அலகாகக் கருத வேண்டும். அண்ணனின் சம்பளமும் அப்பாவின் ஓய்வூதியமும் அவருடைய உரிமையைத் தீர்மானிக்கக் கூடாது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும், 70 வயதுக்கு மேற்பட்டோருக்குச் செய்ததுபோல, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனித் தகுதி வேண்டும்.

மூன்று: வெளிநோயாளிச் சிகிச்சை, பிசியோதெரபி, கதீட்டர், டயாபர், காற்று மெத்தை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனித்தொகை ஒதுக்கி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே அனுப்ப வேண்டும்.

நான்கு: குறைபாட்டுச் சான்று வழங்கும் மருத்துவக் குழு முகாமிலேயே காப்பீட்டுப் பதிவையும் முடிக்க வேண்டும். சான்றுக்கு ஒரு நாள், வருமானத்துக்கு விஏஓ அலுவலகம், போட்டோ எடுக்க கலெக்டர் அலுவலகம் என்று நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றி இறக்கி அலையவிடுவது கொடுமை. விபத்து, பக்கவாதத்தால் முடங்கியவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போதே பதிவு நடக்கட்டும்.

ஐந்து: நிராமயாவின் தொகையைக் குறைந்தது 3 லட்சமாக்கி, கட்டணமில்லாச் சிகிச்சையாக மாற்றி, 21 வகையினருக்கும் விரிக்க வேண்டும்.

ஆறு: ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளின் எத்தனை விண்ணப்பங்களை ஏற்றது, எத்தனையை மறுத்தது, என்ன பிரீமியம் வாங்கியது என்ற விவரத்தை ஆண்டுதோறும் ஐஆர்டிஏஐ வெளியிட வேண்டும். கணக்கு வெளியே தெரிந்தால்தான் சுற்றறிக்கைக்கு உயிர் வரும்.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவை

அரசு முடிவெடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. யுடிஐடி அட்டை இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். எல்லாத் திட்டங்களுக்கும் அதுதான் அடிப்படை.

குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவுசெய்யலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோரின் பெற்றோர், தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் மூலம் நிராமயாவில் சேரலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

பெற்றோரில் ஒருவர் இஎஸ்ஐயில் இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயதுவந்த பிறகும் சிகிச்சை உண்டு. நிறுவனக் குழுக் காப்பீட்டில் இருப்பவர்கள், அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் பாலிசிக்கு விண்ணப்பிக்கும்போது குறைபாட்டையும் பழைய சிகிச்சைகளையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்வார்கள். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் பாகுபாடு என்று முறையிடலாம். கிளெய்மை நிராகரித்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகச் செய்வது கடினம். ஊராட்சித் தலைவர்கள், சுய உதவிக் குழுக்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தங்கள் தெருவில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுத்து, அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை வாங்கித்தரும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அட்டை கையில் இருப்பதும் இல்லாததும்தான் பல வீடுகளில் பிழைப்பதற்கும் கடனில் மூழ்குவதற்கும் இடையிலான வேறுபாடு.

விபத்தோ பக்கவாதமோ இன்று நன்றாக இருக்கும் எவர் வீட்டுக்கும் வரலாம். உழைக்க முடியாமல் போன ஒருவரிடம் வருமானத்தைக் கேட்டோ, வேலையைக் கேட்டோ, ஆரோக்கியத்தைக் கேட்டோ காப்பீடு கொடுப்பது நியாயமல்ல. குறைபாட்டுச் சான்று ஒன்றே போதுமான தகுதி என்று தமிழ்நாடு அரசு முதலில் அறிவிக்கட்டும். அதற்கு ஓர் அரசாணை போதும்.